கம்ப்யூட்டருக்குள் ஒரு கீமேன்

நான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றது 2017-ல். அதற்குப் பிறகு ஸ்லீப்பர் கட்டைகளைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. வீட்டில் கேட்பதெல்லாம் பால் வாங்கியாச்சா, கேஸுக்குச் சொல்லியாச்சா என்பதுதான். ஆகவே போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு, என் அண்ணன் பேத்தி தன் அறைக் கதவைத் திறந்து, "சின்ன தாத்தா, மீட்டர் கேஜ்ல ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டபோது எனக்கு வந்த உற்சாகத்தை என்னவென்று சொல்ல! தூங்கப் போனவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவள் இங்கே அகமதாபாத்தில் அனிமேஷன் படிக்கிறாள். புனேயில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நம் சங்கத்து வீடுகளில் இது புதிய செய்தியல்ல. கடைசி வருஷத்தில் ஒவ்வொரு மாணவரும் சொந்தமாக ஒரு சிறிய படம் எடுத்துத் தர வேண்டுமாம். நாலு நிமிடப் படம். அதற்கு அவள் எடுத்துக்கொண்ட கதாநாயகன் யார் தெரியுமா? என் அப்பா. அவளுக்குக் கொள்ளுத் தாத்தா.

நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையில் ஆண்டிபட்டிப் பக்கம் கீமேனாக இருந்தார். கீமேன் என்றால் என்ன வேலை என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கேங்குக்கு ஒதுக்கிய ஐந்தாறு கிலோமீட்டர் பாதையைத் தினமும் நடந்து பார்க்க வேண்டும். தளர்ந்த சாவிகளைச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். மூட்டுப் போல்ட்டுகளை ஸ்பானரால் முடுக்க வேண்டும். போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மறு தண்டவாளம். தோளில் சுத்தியல், பையில் ஸ்பானர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்துக்கு வைக்கும் பட்டாசு. வெயில், மழை, தீபாவளி, பொங்கல் எதுவும் கிடையாது. கதையும் அவ்வளவுதான். ஒரு கீமேன் காலையில் ஸ்டேஷனிலிருந்து புறப்படுகிறார், நடக்கிறார், சாயங்காலம் திரும்பி வருகிறார். "இதில் படம் எடுக்க என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டேன். "நடக்கிறதுதான் தாத்தா படம்" என்றாள்.

அன்று ராத்திரி அவள் கம்ப்யூட்டரில் காட்டிய பாதையைப் பார்த்தேன். பார்க்க வெகு அழகு. ஆனால் அய்யா கட்டைக்குக் கட்டை தாவித் தாவி, வாய்க்கால் தாண்டுகிறவர் மாதிரிப் போய்க்கொண்டிருந்தார்! விஷயம் என்னவென்றால், மீட்டர் கேஜ் என்ற பெயரைக் கேட்டு, கட்டைகளுக்கு நடுவிலும் ஒரு மீட்டர் என்று அவள் வைத்துவிட்டாள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவேதான் ஒரு மீட்டர். கட்டைகளின் கணக்கு வேறு. தண்டவாளம் எத்தனை மீட்டர் நீளமோ அந்த எண்ணோடு நாலைக் கூட்டு என்பது சாதாரணப் பாதைக்கு எங்கள் காலத்துக் கணக்கு. போக்குவரத்து அதிகமானால் இன்னும் கூடும். 12 மீட்டர் தண்டவாளத்துக்கு 16 கட்டை. சராசரி 75 சென்டிமீட்டர். அதிலும் மூட்டு வருகிற இடத்தில் கட்டைகளைச் சற்று நெருக்கிப் போடுவார்கள், சக்கரம் அங்கேதான் இடிக்கும் என்பதால்.

இதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "அப்போ ஒவ்வொரு பன்னிரண்டு மீட்டருக்கும் கொள்ளுத் தாத்தா ஒரு சின்ன ஸ்டெப் வைப்பாரா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வைப்பார்! அய்யா குள்ளமான மனிதர், ஐந்தடி இரண்டங்குலம். முக்கால் மீட்டர் எட்டு அவருக்குக் கொஞ்சம் நீட்டித்தான் வைக்க வேண்டும். நீட்டி நீட்டி வைத்து வந்து, மூட்டில் ஒரு குட்டி எட்டு. சிறுவனாக அவர் பின்னால் சோற்றுத் தூக்கோடு போயிருக்கிறேன். அந்த நடை என் கண்ணில் இருந்தது. அதற்குக் காரணம் ஸ்லீப்பர் இடைவெளி என்பது, முப்பத்தேழு வருஷம் பெர்மனண்ட் வே பிரிவில் வேலை பார்த்த எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

அன்றிலிருந்து நான் அவளுக்கு உதவியாள் ஆகிவிட்டேன், சம்பளமில்லாமல்.

கம்ப்யூட்டரில் மனிதனைச் செய்வது எப்படி என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். களிமண் பொம்மை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியும் ஒரு முறை உண்டாம். ஆனால் அவள் செய்தது எங்கள் சர்வே வேலைக்கு நெருக்கம். வெட்டவெளியில் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று அளவு. புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் சட்டம், சட்டத்தை மூடினால் ஒரு தட்டு. நாலு மூலைத் தட்டுகளாக வைத்துக்கொண்டால் வளையும்போது நல்லது. ஒரு கட்டத்தில் தொடங்கி, இழுத்து, வெட்டி, நீட்டி ஆளைக் கொண்டுவருகிறார்கள். கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் தட்டுகள் வளையம் வளையமாக வர வேண்டும். கிணற்றுக்கு உறை இறக்கியது போல. அப்படி இல்லாவிட்டால் வாயைத் திறக்கும்போது கன்னம் கிழிந்த துணி மாதிரி இழுபடும். முழங்கையிலும் இப்படித்தான். மூன்று வளையம் இல்லாமல் மடக்கினால் கை தட்டையான ரப்பர் குழாய் ஆகிவிடும். எனக்கே செய்து காட்டினாள்.

இந்த வித்தை பிறந்ததும் ஒரு மாணவர் கையில்தான். 1972-ல் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்முல் என்ற மாணவர் தன் இடது கையைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோக நினைத்தார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கையை முக்கி அச்சு எடுத்தார். முன்னதாக வாசலின் தடவ மறந்துபோய், கையை உருவும்போது புறங்கை முடியெல்லாம் பிய்ந்து வந்ததாம்! அந்த அச்சிலிருந்து செய்த பிளாஸ்டர் கைமேல் மையால் சுமார் 350 முக்கோணங்களும் பல்கோணங்களும் வரைந்து, மூலைக்கு மூலை அளந்து, எண்களை ஏற்றினார். உடன் படித்த ஃபிரெட் பார்க் தன் மனைவியின் முகத்தை இதே மாதிரிச் செய்தார். அதே பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒரு ஃபோக்ஸ்வாகன் காரின் உடம்பெல்லாம் புள்ளியும் கோடும் போட்டு அளந்தார்கள். அந்தக் கேட்முல்தான் பின்னால் பிக்ஸார் நிறுவனத்தை அமைத்தவர்களில் ஒருவர். 1995-ல் வந்த 'டாய் ஸ்டோரி' அவர்களுடையது. முழு நீளமும் கம்ப்யூட்டரிலேயே செய்த முதல் கதைப்படம். நான் சொல்ல வருவது, இதெல்லாம் டேப்பைப் பிடித்து அளந்து தொடங்கிய வேலை. டிப்ளமாக்காரனுக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை.

அளக்க வேண்டுமென்றால் ஆள் வேண்டுமே! அய்யா காலமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு இருப்பது ஒரே ஒரு போட்டோ. 1983-ல் ஓய்வு பெற்ற அன்று பிளாட்பாரத்தில் கேங் ஆட்களோடு எடுத்தது. கழுத்தில் மாலை, முகம் நேராக. முகத்தின் அளவு என் கட்டைவிரல் நகம். எங்கள் பாஷையில் சொன்னால் எலிவேஷன் மட்டும் இருக்கிறது, சைடு வியூ கிடையாது. மூக்கு எவ்வளவு முன்னால் வந்திருந்தது, நெற்றி எப்படிச் சரிந்தது, பின்மண்டை எப்படி என்று அவள் கேட்கக் கேட்க, எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனிதரின் பக்கவாட்டு முகம் நினைவில்லை. அன்று ராத்திரி சரியாகத் தூக்கமில்லை.

வழி கண்டுபிடித்தவள் அவள்தான். என்னைச் சுவரோரம் நிற்கவைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்தாள். புனேயில் அவள் தாத்தாவை, அதாவது என் அண்ணனை, வீடியோவில் கூப்பிட்டு "அப்படியே திரும்புங்க தாத்தா" என்றாள். எங்கள் அம்மாவின் போட்டோ ஒன்று பக்கவாட்டில் உண்டு, அக்கா கல்யாணத்தில் எடுத்தது. அண்ணனுக்கும் எனக்கும் பொதுவாக இருந்து, அம்மாவிடம் இல்லாதது எதுவோ அது அய்யாவுடையது என்று கணக்குப் போட்டாள்! மூக்கின் நடு மேடு இருவருக்கும் உண்டு, அம்மாவுக்கு இல்லை. ஆக அது அய்யா. தாடை அண்ணனுக்கு அம்மா மாதிரி, எனக்கு அப்படியில்லை. ஆக என்னுடையதை எடுத்துக்கொண்டாள். நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் நான் ஒப்புக்கொண்ட பல எஸ்டிமேட்டுகளைவிட இது மேல்.

முகத்தில் பாதியைத்தான் செய்வார்கள். மறுபாதியைக் கண்ணாடி பிம்பம் போலக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். வேலை பாதி. ஆனால் அப்படி வந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. கோயில் கதவில் இருக்கும் துவாரபாலகர் மாதிரி இருந்தது. அய்யாவின் இடது கன்னத்தில் எப்போதும் வெற்றிலை உருண்டை இருக்கும், வாய் அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். அதைச் சொன்னேன். பிம்பத்தை நீக்கிவிட்டு இடது கன்னத்தை மட்டும் கொஞ்சம் வெளியே இழுத்தாள். சமையலறையிலிருந்து வந்த என் மனைவி, "அட, மாமா!" என்றாள். அவளுக்கு நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

உடம்புக்குச் சட்டை போட்ட கதை எனக்குப் பிடித்தது. டிப்ளமாவில் எங்களுக்கு 'டெவலப்மெண்ட் ஆஃப் சர்ஃபேஸஸ்' என்று ஒரு பாடம். கூம்பையோ குழாயையோ விரித்தால் தகட்டில் என்ன வடிவம் வரும் என்று வரைய வேண்டும். மண்ணெண்ணெய்ப் புனல் செய்கிற தகரக்காரர் படிக்காமலே அறிந்த பாடம் அது. இங்கேயும் அதேதான். பொம்மையின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துக் கத்திரித்து, தோலைத் தட்டையாக விரித்து, அதன்மேல் நிறம் பூசி, மறுபடி சுற்றிவிடுகிறார்கள். காக்கிச் சட்டையின் தோளில் மட்டும் நிறம் வெளிற வேண்டும், சுத்தியல் உரசுகிற இடம் என்றேன். செய்தாள்.

ஆளைவிட ஊர் பெரிய வேலை. முதலில் அவள் கட்டியிருந்த ஸ்டேஷனில் பிளாட்பாரம் இடுப்பளவு உயரம். இங்கே அகமதாபாத்தில் பார்த்துப் பழகிய உயரம். எங்கள் ஊர்ப் பிளாட்பாரம் தரையோடு தரை, பெட்டிப் படியைப் பிடித்து ஏற வேண்டும். ஓட்டுக் கூரை, ஒரு டிக்கெட் ஜன்னல், சிவப்பு வாளிகளில் மணல், மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு, ஒரு வேப்பமரம். இவ்வளவையும் நான் கிராஃப் தாளில் அளவோடு வரைந்து கொடுத்தேன். அண்ணன் புனேயிலிருந்து ஒன்று வரைந்து அனுப்பினார். அவர் வரைந்ததில் ஜன்னல் இடப்பக்கம், என்னுடையதில் வலப்பக்கம். சரிபார்க்கலாம் என்றால் கட்டடம் இல்லை. 2010 கடைசியோடு அந்தப் பாதையை மூடிவிட்டார்கள், பிராட்கேஜ் போடுவதற்காக. பன்னிரண்டு வருஷம் ரயிலே கிடையாது. தேனி வரை 2022-லும் போடி வரை 2023-லும்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. நடுவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தேன். கூரை ஓடு போய், சுவர் மட்டும் நின்றது. அடுத்த முறை சுவரும் இல்லை.

இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. 1992-ல் யூனிகேஜ் திட்டம் வந்தபின், அகமதாபாத்–டெல்லி மீட்டர் கேஜ் பாதையைப் பிரித்து பிராட்கேஜ் போட்டதில் நானும் ஒருவன். எத்தனையோ சின்ன ஸ்டேஷன்களைப் பிரித்தோம். டன் கணக்கு, மீட்டர் கணக்கு, தேதிக் கணக்கு பார்த்தேனே தவிர, அங்கே எந்தக் கீமேனின் பிள்ளை நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்று திரும்பிப் பார்த்ததில்லை. பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அந்த மணித் துண்டில் துருவின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனைச் சுற்றி வந்து பார்க்கலாம் என்று சுட்டெலியை நகர்த்தினால், பின்பக்கம் சுவரே இல்லை! "கேமரா அங்கே போகாது தாத்தா" என்றாள். அஸ்திவாரமும் இல்லை. மலைகள் ஒரு நீளத் திரையில் வரைந்த சித்திரம். நாடகக் கொட்டகை மாதிரி. பாதையோரம் கொட்டிய ஜல்லி இன்னும் வேடிக்கை. பல்லாயிரம் கல் தெரிகிறது, அவள் செய்தது இருபதே கல். அவற்றையே திருப்பியும் சாய்த்தும் தூவச் சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டர் நினைவில் வைப்பது அந்த இருபதை மட்டும்தான். ஒரு பார்ட்டி ஜல்லி எடுத்து ஒரு செக்‌ஷன் முழுக்கக் கணக்குக் காட்டும் கான்ட்ராக்டரை எனக்குத் தெரியும் என்றேன். சிரித்தாள்.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. ஒரு விநாடிக்கு 24 படம். நாலு நிமிடத்துக்கு 5,760 படம். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தீட்ட வேண்டும். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் என்றால் 480 மணி நேரம், அதாவது இருபது நாள் ராப்பகலாக. கண்ணில் படாததையெல்லாம் கழித்து, படத்துக்கு இரண்டு நிமிடமாகக் கொண்டுவந்தாள். அப்படியும் எட்டு நாள். ஏப்ரல் மாத அகமதாபாத் வெயிலை அறிவீர்கள். வீட்டிலிருந்த ஒரே மேஜை விசிறி அந்த எட்டு நாளும் லேப்டாப்புக்குத்தான். எனக்குப் பழைய செய்தித்தாள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை, பெற்றோர்கள் கேட்பார்கள். அவள் உபயோகித்த மென்பொருளுக்குப் பெயர் பிளெண்டர். விலை கிடையாது. நெதர்லாந்துக்காரர் டோன் ரோசன்டால் என்பவர் உண்டாக்கியது. அவர் கம்பெனி நொடித்தபோது, 2002-ல் உபயோகிப்பவர்களிடமே ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி, அதை மீட்டு எல்லோருக்கும் பொதுவாக்கினார். 2025-ல் ஆஸ்கார் வாங்கிய லாட்வியா நாட்டு அனிமேஷன் படம் 'ஃப்ளோ' இதில் செய்ததுதான். அண்ணன் மகன், அதாவது இவள் அப்பா, "பொம்மை போட என் பெண் நாலு வருஷம் படிக்கணுமா சித்தப்பா?" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டவன். 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' என்று பிலிம்ஸ் டிவிஷன் 1974-ல் எடுத்த பொம்மைப் படத்தை தூர்தர்ஷனில் பார்த்து, வீடெல்லாம் பாடிக்கொண்டு திரிந்த பையனும் அவன்தான்.

கடைசிக் காட்சியில் எங்களுக்குள் சண்டை வந்தது. சாயங்காலம் ஸ்டேஷன் திரும்பிய கீமேன், கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று அவள் திட்டம். பல் தெரிய நல்ல சிரிப்பு, வெற்றிலைக் கறையோடு. அண்ணனுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் பதிலில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். "மூக்கு சரி. காது சரி. ஆனா அய்யா நம்மளைப் பார்த்து இப்படி எப்படா சிரிச்சாரு?" என்றார். எனக்கும் நினைவில்லை. வேலை முடிந்து வந்தால் காலைக் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அடித்ததுமில்லை, கொஞ்சியதுமில்லை.

"சிரிக்கலைன்னா பார்க்கிறவங்களுக்கு அவரைப் பிடிக்காது தாத்தா" என்று அவள் வாதாடினாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கட்டை இடைவெளிக்கு மெனக்கெட்டவள், இதில் மட்டும் இஷ்டத்துக்கு வைக்கலாமா? மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் கூப்பிட்டுக் காட்டினாள். கீமேன் திரும்புகிறார். சிரிப்பில்லை. சுத்தியலைச் சுவரில் சாய்க்கிறார். இடது கன்னத்து உருண்டை வலது கன்னத்துக்கு மெல்ல நகர்கிறது. அவ்வளவுதான். அய்யா நாள் முடிந்தது என்று சொல்கிற விதம் அது! இதை நான் அவளுக்குச் சொன்னதாக நினைவேயில்லை. எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டேஷன் பெயர்ப்பலகையை மட்டும் கடைசி வரை யாரிடமும் கொடுக்காமல் தானே எழுதினாள். மஞ்சளில் கறுப்பு எழுத்து, மேலே தமிழ். நான் ஒற்று விட்டுப்போனதைச் சொல்ல, மறுபடி எழுதினாள். ஐந்து தடவை ஆயிற்று.

கல்லூரியில் படம் காட்டிய அன்று அண்ணன் புனேயிலிருந்து வந்திருந்தார். எழுபத்தைந்து வயது, முழங்கால் வலி. நாலு நிமிடத்துக்காக ஒரு ராத்திரிப் பயணம். விளக்கு அணைந்ததும் என் கையைப் பிடித்தவர் முடியும்வரை விடவில்லை. வெளியே வந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "எல்லாம் சரிதான். ஆனா சுத்தியலை இடது தோள்ல வச்சிட்டீங்களே. அய்யா வலது தோள்லதான் வைப்பாரு."

"இடதுதான்" என்றேன்.

"பின்னால போனவன் நீ, முன்னாலேருந்து பார்த்தவன் நான்."

பேத்தி அவசரமாகக் குறுக்கே வந்தாள். "படத்தையே இடம் வலமா மாத்திடலாம் தாத்தா, ஒரு பட்டன்தான். ஆனா போர்டுல இருக்கிற தமிழும் திரும்பிடும்."

அதற்கு அவள் ஒப்பவில்லை. வெற்றிலைக் கன்னமும் மாறிவிடும் என்று நானும் ஒப்பவில்லை. அண்ணன் புனே போன பிறகும் வாரத்துக்கு ஒருமுறை போனில் இந்த வழக்கு நடக்கிறது. போட்டோவை எடுத்துப் பெரிதாக்கியும் பார்த்தாயிற்று. அதில் அய்யாவிடம் சுத்தியல் இல்லை. ஓய்வு பெறும் நாளாயிற்றே, காலையிலேயே ஸ்டோரில் ஒப்படைத்திருப்பார்.